தட்டில் இருப்பது எந்த ஊர்க் காய்?

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், மதுரை நகர்ப்புறத் தொகுப்பின் பொருளாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்களும் குழுக் கூட்டத்தில் படித்துப் பேசுவதற்காக இங்கே தருகிறோம்.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. கணக்கு நோட்டைக் கையில் கொடுத்தால் வரவு என்ன, செலவு என்ன என்று சொல்லுவேன். "அந்தக் காய்கறி விஷயத்தை நீதான் பேசணும்" என்று தலைவி சொல்லிவிட்டார்கள். அதனால் இதையும் ஒரு கணக்கு மாதிரியே சொல்லப் போகிறேன். நாம் சாப்பிடுகிற காய் எங்கிருந்து வருகிறது, அதில் யாருக்கு என்ன கிடைக்கிறது, எங்கள் தொகுப்பு எங்கே தப்புப் பண்ணியது, இனிமேல் என்ன செய்யலாம். இவ்வளவுதான் பேச்சு.

நேற்று என்ன குழம்பு?

நேற்று ராத்திரி உங்க வீட்டில் என்ன குழம்பு? முன்வரிசையில் ஒரு மதினி "சாம்பார்" என்கிறார்கள். சரி, அந்தச் சாம்பாரையே எடுத்துக்கொள்வோம்.

அதில் போட்ட பெரிய வெங்காயம் அனேகமாக மகாராஷ்டிராவில் நாசிக் பக்கத்திலிருந்து லாரியில் வந்தது. கேரட், பீன்ஸ் கொடைக்கானல் மலையிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ இறங்கியது. தக்காளி ஒட்டன்சத்திரம் சந்தை வழியாக வந்திருக்கும். அங்கே வரத்துக் குறைந்தால் கர்நாடகாவில் கோலார், ஆந்திராவில் மதனப்பள்ளி. துவரம்பருப்பு கர்நாடகாவில் விளைந்ததாக இருக்கலாம். பர்மாவிலிருந்தும் ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், தான்சானியா நாடுகளிலிருந்தும் கப்பலில் வருகிற பருப்பும் நம் நாட்டுக் கடைகளில் இருக்கிறது. நம்ம வீட்டு அடுப்பில் கொதிக்கிற ஒரு சட்டிச் சாம்பார், நாம் போகாத ஊருக்கெல்லாம் போய் வந்திருக்கிறது! (சிரிப்பு)

வெளியூர்க் காயே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மதுரை வெயிலில் கேரட் விளையாது. ஆனால் கத்தரிக்காய், வெண்டைக்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், முருங்கை, கீரை, வாழை, தேங்காய் இதெல்லாம் நம்மைச் சுற்றியே விளைகிறது. வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர், மேலூர், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் தோட்டத்தில் இறங்கிவிடலாம். பேரையூர், தே.கல்லுப்பட்டி பக்கம் மானாவாரியில் குதிரைவாலி விளைகிறது. பக்கத்தில் விளைகிற அந்தக் காயும் மொத்தச் சந்தைக்குப் போய், கமிஷன் கடை ஏறி, சில்லறை வியாபாரியிடம் வந்து, அதற்குப் பிறகுதான் நம் தெருவுக்கு வருகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு கை மாறுகிறது. அந்த வியாபாரிகளையும் நான் குறை சொல்லவில்லை. தள்ளுவண்டியில் காய் விற்கிறவர்களில் நம் குழுப் பெண்களே எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

விலை ஒரேயடியாக ஏறும்போதும் இறங்கும்போதும்தான் இதன் பாதிப்புத் தெரியும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறதா? அரசாங்கமே சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. நாம் புளியை வைத்துச் சமாளித்தோம். அதே வருஷம் ஒன்றிரண்டு மாதத்தில் விலை அப்படியே சரிந்தது. பறிக்கிற கூலிக்கே கட்டாமல் விவசாயிகள் தவித்தார்கள். ஏறினால் நமக்கு அடி, இறங்கினால் அவர்களுக்கு அடி. நம் கூட்டமைப்பில் இரண்டு பக்கமும் நம்ம ஆட்கள்தான் இருக்கிறோம். பட்டணத்துக் குழு வாங்குகிறது, கிராமத்துக் குழு விளைவிக்கிறது. ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் ஒருவர் காயை ஒருவர் சாப்பிடுவதில்லை.

மதுரையில் தொடங்கிய சந்தை

இந்த யோசனை நம் ஊருக்குப் புதுசு இல்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 14.11.1999 அன்று நம்ம மதுரை அண்ணாநகரில்தான் தொடங்கியது. அதற்கு முன்பே பஞ்சாப், ஹரியானா பக்கம் 'அப்னி மண்டி' என்றும், ஆந்திராவில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' என்றும் இதேபோன்ற சந்தைகள் வந்திருந்தன. இப்போது மதுரையிலேயே அண்ணாநகர், சொக்கிகுளம், பழங்காநத்தம், ஆனையூர் என்று உழவர் சந்தைகள் இருக்கின்றன.

அது நடக்கிற விதத்தைக் கவனியுங்கள். விவசாயிக்குப் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. நிலம் இருக்கிறதா, என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்துத்தான் அட்டை கொடுப்பார்கள். கடைக்கு வாடகை இல்லை, தராசு அங்கேயே கிடைக்கும். தினமும் காலையில் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுவார்கள். மொத்த விலையைவிட சுமார் 20 சதவீதம் கூட, சில்லறை விலையைவிட சுமார் 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. உதாரணத்துக்கு, மொத்தச் சந்தையில் கத்தரிக்காய் கிலோ 20 ரூபாய், தெருவில் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-க்கு 20 சதவீதம் கூட்டினால் 24. 30-க்கு 15 சதவீதம் குறைத்தால் 25 ரூபாய் 50 காசு. அந்த இடைவெளியில் சந்தை விலை நிற்கும். விற்கிறவருக்கும் நாலு ரூபாய் மிச்சம், வாங்குகிறவருக்கும் நாலு ரூபாய் மிச்சம்.

நல்ல ஏற்பாடு. ஆனாலும் எல்லோருக்கும் எட்டவில்லை. சந்தை காலையிலேயே களைகட்டிக் காலையிலேயே முடிந்துவிடும். வீட்டு வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிற பெண்கள் அந்த நேரத்தில் எப்படிப் போவார்கள்? அந்தப் பக்கம் பார்த்தால், பத்துக் கிலோ காய் வைத்திருக்கிற ஒரு அம்மா அதற்காக மூணு மணிக்கு எழுந்து பட்டணம் வந்து உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைக்கலாம் என்றுதான் எங்கள் தொகுப்பு 2022-இல் இறங்கியது.

எங்கள் தப்பு

இனிமேல் சொல்லப்போவது பெருமைக்குரிய கதை இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த தொகுப்பும் இதே பள்ளத்தில் விழும்.

மூன்று குழு, 40 குடும்பம். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு குழுவில் நாலு பேர் காய் போட்டிருந்தார்கள். வாரம் ஒருநாள், சனிக்கிழமை, ஒரு குட்டியானை வண்டியில் காய் வரும். என் வீட்டு வாசலில் இறக்கிப் பிரித்துக்கொள்வோம். முதல் மூன்று வாரம் திருவிழாதான். காலையில் பறித்த வெண்டைக்காய் ஒடித்தால் சடக்கென்று ஒடியும். "இந்த ருசியை மறந்தே போச்சே"ன்னு வயசானவங்க சொன்னாங்க.

பிறகு நோட்டைப் பார்த்தேன். வண்டி வாடகை 900 ரூபாய். வந்த காய் 80 கிலோ. ஒரு கிலோவுக்கு வாடகை மட்டும் 11 ரூபாய் 25 காசு! இடைத்தரகர் வேண்டாம் என்று ஆரம்பித்தோம், வண்டியே தரகராகிவிட்டது. இது முதல் தப்பு. 80 கிலோவுக்கு அந்த வண்டியைக் கூப்பிட்டிருக்கவே கூடாது.

இரண்டாவது தப்பு, யாருக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டி எழுதி வாங்கவில்லை. குத்துமதிப்பாகச் சொன்னோம். கீரைக்கட்டு அதிகமாக வரும், மத்தியானத்துக்குள் வாடிவிடும்.

மூன்றாவது தப்பு கடன். "அடுத்த வாரம் தர்றேன்க்கா" என்பார்கள். குழுக் கடனுக்கு ஒருநாள் தவணை தவறினால் வீட்டு வாசலில் போய் நிற்கிற நான், கத்தரிக்காய்க் கடனைக் கேட்கக் கூச்சப்பட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அது 4,320 ரூபாய் ஆகிவிட்டது. நம்மிடம் பணம் இல்லாததால் விளைவித்தவர்களுக்கும் பாக்கி வைத்தோம்.

நான்காவது தப்புதான் பெரிய தப்பு. ஒரு வாரம் தெருவில் கத்தரிக்காய் விலை 15 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. எங்கள் விலை 28. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருத்தராக "எனக்கு வேண்டாம்க்கா" என்றார்கள். ராத்திரி எட்டு மணிக்கு நான் வாடிப்பட்டிக்குப் போன் போட்டு, "அக்கா, நாளைக்குக் கத்தரிக்காய் வேண்டாம்" என்றேன். அவர் 60 கிலோ பறித்துச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். "சரித்தா, பரவாயில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் காயில் கொஞ்சம் அக்கம்பக்கத்தில் போனது, மீதி மாட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் போன் பண்ணவே இல்லை.

எங்கள் தொகுப்புக் கூட்டத்தில் இதைப் பேசினோம். "நாம காயை வாங்கவே இல்லையே, அது அவங்க நட்டம்தானே" என்று சிலர் சொன்னார்கள். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருத்தர், கைநாட்டு வைக்கிறவர், எழுந்து சொன்னார்: "சொல்லி வச்சு வாங்காம விட்டா அதுவும் கடன்தான். நோட்டுல எழுது." எழுதினேன். பழைய பாக்கி 6,840 ரூபாய். வாங்காத 60 கிலோ கத்தரிக்காய் கிலோ 28 வீதம் 1,680 ரூபாய். ஆக மொத்தம் 8,520. வெளியில் நின்ற 4,320-ஐ வசூல் பண்ணினோம். மீதி 4,200-ஐ 40 குடும்பமும் தலைக்கு 105 ரூபாயாகப் பிரித்துப் போட்டோம். ஆறு தவணையில், தவணைக்கு 1,420 ரூபாயாக, 2023-இல் கட்டி முடித்தோம். அந்த அக்கா இன்றைக்கு இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பணம் கொடுத்துவிட்டோம் அக்கா. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். (கைதட்டல்)

தட்டாதீங்க, கதை இன்னும் முடியவில்லை.

மற்ற இடங்களில் பெண்கள் எப்படிச் செய்தார்கள்?

நட்டப்பட்ட பிறகுதான் படிக்கத் தோன்றியது. எங்கள் தப்பு ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ சில பெண்கள் ஏற்கனவே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஜப்பானில் டோக்கியோ நகரத்தில், செத்தகாயா என்ற பகுதியில், 1965-இல் சில குடும்பங்கள் சேர்ந்தன. பெரும்பாலும் நம்மைப் போல வீட்டுப் பெண்கள். கடையில் பால் விலை கட்டவில்லை என்று 300 பாட்டில் பாலை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் தொடக்கம். 1968-இல் அது 'செய்காட்சு கிளப்' என்ற கூட்டுறவுச் சங்கமானது. 1989-இல் 'ரைட் லைவ்லிஹுட்' என்ற உலக விருதும் கிடைத்தது. இன்றைக்கு அதில் லட்சக்கணக்கான உறுப்பினர்கள்.

அவர்கள் முறையைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அக்கம்பக்கத்தில் ஏழெட்டு முதல் பத்துப் பன்னிரண்டு குடும்பம் வரை சேர்ந்து ஒரு குழு. அதற்கு 'ஹான்' என்று பெயர். நம்ம குழு மாதிரியேதான்! வேண்டியதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பொருள் குழுவுக்கு மொத்தமாக வரும், இவர்கள் பிரித்துக்கொள்வார்கள். விளைவிக்கிறவர்களோடு உட்கார்ந்து, இதற்கு என்ன செலவாகிறது என்று கணக்கைத் திறந்து பேசி விலை வைக்கிறார்கள். யமகதா மாகாணத்தில் யூசா என்ற ஊர் விவசாயிகளிடம் 1970-களிலிருந்து அரிசி வாங்கி வருகிறார்கள். ஒரே ஊரோடு ஐம்பது வருஷ உறவு. அங்கேயும் சிரமம் இல்லாமல் இல்லை. பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, கூடிப் பிரிக்க ஆள் இல்லாமல் குழுக்கள் குறைந்து, வீட்டுக்கு வீடு தனியாகக் கொடுப்பது அதிகமாகிவிட்டது. நமக்கும் அந்தச் சிக்கல் வரும், இப்போதே யோசிக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் எதற்கு, தெலுங்கானாவுக்கு வாங்க. ஹைதராபாத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் ஜஹீராபாத். அந்த வட்டாரத்துக் கிராமங்களில் பஸ்தாபூரை மையமாக வைத்து 'டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி' என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து பெண்கள் சங்கங்கள் நடத்துகிறார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள், சிறு நிலக்காரர்கள். ரேஷனில் அரிசி வந்த பிறகு அவர்களுடைய சோளக்காடு தரிசாகக் கிடந்தது. 1990-களில் அந்தத் தரிசை உழுது எரு அடிக்கக் கடன் கொடுத்தார்கள். கடனைத் தானியமாகவே திருப்பித் தர வேண்டும், பல வருஷத் தவணையில். அந்தத் தானியம் ஊர்க் கிடங்கில் சேரும். வேலை இல்லாத மழைக்காலத்தில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பார்கள். யார் ரொம்ப ஏழை, யாருக்கு எவ்வளவு என்பதை அதிகாரி இல்லை, சங்கப் பெண்களே ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். விதையையும் சாம்பல், வேப்பிலை போட்டுத் தங்கள் கூடையிலேயே சேமித்தார்கள். 2008-இல் சொந்தமாகச் சமுதாய வானொலியே தொடங்கினார்கள். 2019-இல் ஐக்கிய நாடுகள் சபையின் 'ஈக்வேட்டர்' விருது அவர்களுக்குக் கிடைத்தது. நிலமும் பணமும் குறைவாக இருந்த பெண்கள், கணக்கைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். நான் அதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

பக்கத்துக் கேரளாவில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயைப் பலரும் போய்ப் பார்த்திருப்பீர்கள். நாலு முதல் பத்துப் பேர் சேர்ந்து குத்தகைக்குத் தரிசு நிலம் எடுத்து நெல்லும் காயும் போடுகிறார்கள். தனியாக ஒரு பெண்ணுக்கு நிலம் குத்தகைக்குக் கிடைப்பது கஷ்டம். குழுவாகப் போனால் கதவு திறக்கிறது.

நம் தட்டுக்கு என்ன வருகிறது?

இதெல்லாம் எதற்கு, மார்க்கெட்டில் வாங்கித் தின்றால் போதாதா என்று கேட்கலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தச்சோகை என்று வந்தது. இந்த மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். இரண்டு பேரில் ஒருத்தருக்கு! காய் விலை ஏறினால் வீட்டில் முதலில் குறைவது யாருடைய பங்கு? பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியிருக்கிற குழம்பை வழித்துச் சாப்பிடுகிறோம். "எனக்கு ரசம் போதும்" என்று சொல்லாத பெண் இங்கே யார்?

இன்னொன்று, மருந்து. கத்தரிக்காய்க்குக் காய்ப்புழு வந்தால் அடுத்தடுத்து மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது என்று விளைவிக்கிறவர்களே சொல்கிறார்கள். மருந்துக் கேனைச் சுமப்பதும், மறுநாள் அதே செடியில் கை வைத்துப் பறிப்பதும் பெண்கள்தான். வாங்குகிறவர் நிச்சயமாக இருந்தால் மருந்தைக் குறைக்க அவர்களுக்குத் துணிச்சல் வரும். சொத்தைக்காய் ஒன்றிரண்டு இருந்தாலும் வாங்குவோம் என்று நாம் சொன்னால்தானே அவர் மருந்தைக் குறைப்பார்?

இனிமேல் எப்படி?

எங்கள் தொகுப்பு மறுபடி தொடங்கலாம் என்று இருக்கிறது. இந்தத் தடவை நோட்டை முதலில் எழுதி, பிறகு வண்டியைக் கூப்பிடப் போகிறோம். எங்கள் யோசனை இது:

1. நூறு குடும்பம் சேர்ந்தால்தான் தொடக்கம். குடும்பத்துக்கு வாரம் இரண்டரைக் கிலோ என்றால் 250 கிலோ. இப்போது வண்டி வாடகை 1,000 ரூபாய் கேட்கிறார்கள். கிலோவுக்கு 4 ரூபாய்தான் விழும். நூறு சேரவில்லை என்றால் தொடங்க மாட்டோம். ஆசைக்காக இறங்கி மறுபடி நட்டப்பட முடியாது.

2. நாலு வாரத்துக்கு முன்பதிவு, முன்பணம். குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கட்டும்போதே காய்ப் பணமும் கட்டிவிட வேண்டும். மொத்தமாகக் கட்ட முடியாத குடும்பம் பாதி அளவு எழுதலாம், அல்லது குழுவில் சிறு உள்கடன் எடுக்கலாம். காயைக் கடனாகக் கொடுப்பது கிடையாது. இதில் என் கூச்சத்துக்கு இடமில்லை.

3. மூன்று மாதத்துக்கு ஒரே விலை. விதை, நாற்று, எரு, கூலி எல்லாம் எவ்வளவு என்று விளைவிக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசி விலை வைப்போம். வெளியில் 15 ரூபாய்க்கு இறங்கினாலும் நாம் அதே விலை கொடுக்க வேண்டும். வெளியில் 60-க்கு ஏறினாலும் அவர்கள் அதே விலைக்குத் தர வேண்டும். சில வாரம் நமக்குக் கையைக் கடிக்கும், நான் மறைக்கவில்லை. சில வாரம் அவர்களுக்குக் கடிக்கும். இரண்டு பக்கமும் இதற்குச் சம்மதித்தால்தான் கையெழுத்து.

4. வண்டியில் வாடாத காய் மட்டும். கத்தரி, வெண்டை, சுரை, பீர்க்கு, முருங்கைக்காய், தேங்காய். கீரையை வண்டியில் ஏற்ற வேண்டாம். மொட்டை மாடியும் கொல்லையும் உள்ள உறுப்பினர்கள் அந்தந்தத் தெருவுக்குப் போட்டுத் தரட்டும். தண்ணீர்ப் பிடிப்புள்ள பழைய சாக்கில்கூடத் தண்டங்கீரை வரும்.

5. நட்ட நிதி. கிலோவுக்கு வாங்குகிறவர் 50 காசு, விற்கிறவர் 50 காசு. வாரம் 250 கிலோவுக்கு 250 ரூபாய், பன்னிரண்டு வாரத்தில் 3,000 ரூபாய் சேரும். மழையில் அழிந்தாலோ, வண்டி வராமல் போனாலோ இதிலிருந்து ஈடு கட்டுவோம்.

6. முதல் வருஷம் 'இயற்கைக் காய்' என்று போர்டு வைக்க மாட்டோம். மருந்தைப் படிப்படியாகக் குறைப்பது மட்டும்தான் பேச்சு. வேப்பங்கொட்டைக் கரைசல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 5 கிலோ பருப்பை இடித்துத் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி அடிப்பது. அதன் பிறகு அரசின் பங்கேற்பு உத்தரவாத முறையில் சேரலாம். அதில் ஐந்து விவசாயிகளாவது சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பது நமக்குப் பழக்கமான வேலைதானே. வாங்குகிற நாமும் வருஷத்துக்கு இரண்டு தடவை தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்போம்.

காய் நன்றாக நடந்தால் அடுத்தது குதிரைவாலி. அது வாடாது, அழுகாது, மூட்டையில் இருக்கும். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள். கடையில் பாக்கெட் போட்டு விலை ஏற்றிவிட்டார்கள், காட்டில் விளைவித்த அக்காவுக்கு அதில் என்ன ஏறியது? அங்கே சிக்கல் உமி நீக்குவதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் உரலில் குத்திய வேலையை மறுபடி பெண்கள் தோளில் ஏற்ற முடியாது. கல்லுப்பட்டிப் பக்கத்துக் குழுக்கள் சேர்ந்து ஒரு அரவை இயந்திரத்துக்குக் கடன் கேட்டால் கூட்டமைப்பு பரிசீலிக்க வேண்டும் என்று இந்தப் பொதுக்குழுவில் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு விண்ணப்பம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 15.9.2022 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் சமைப்பது மகளிர் குழுப் பெண்கள்தான். பிள்ளைகளுக்குச் சாம்பாரில் போடுகிற காயைப் பக்கத்து ஊர்க் குழுவிடம் வாங்க விதிமுறையில் வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்குக் காசா பணமா?

அந்த அக்கா சொன்னது

முடிக்கிறேன். இன்று காலை டீ குடிக்கும்போது வாடிப்பட்டி அக்காவிடம் போய், "மறுபடி ஆரம்பிக்கலாமாக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மொதல்ல நூறு குடும்பத்தோட பேரையும் முன்பணத்தையும் காட்டுத்தா. அப்புறம் நான் நாத்து விடுறேன்."

நியாயமான வார்த்தை. கத்தரி நாற்று நட்டால் காய் பறிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த இரண்டு மாதமும் அவர் நம்மை நம்பிக் களை எடுத்து, தண்ணி பாய்ச்ச வேண்டும். போன தடவை நாம் கொடுத்தது வெறும் வாய் வார்த்தை. இந்தத் தடவை பெயரும் பணமும் கொடுப்போம்.

எங்கள் மூன்று குழுவிலும் இதுவரை 34 குடும்பம் பெயர் கொடுத்திருக்கிறது. இன்னும் 66 வேண்டும். நகரத்துக் குழுக்களின் ஊக்குநர்களே, அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். மூன்று மாதம் சொல் தவறாமல் இருக்க முடியும் என்கிறவர்கள் பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள். நோட்டு என்னிடம் திறந்தே இருக்கிறது.